வண்டிக்கு ஒரு பேன்ட், பேன்ட்டுக்கு ஒரு வண்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பாபு அண்ணனுக்கு டீ கொண்டுபோனவள் நான்தான். கட்கி பஜாரின் பின்சந்தில் இருந்தது அவனுடைய பட்டறை. தகரக் கூரை, ஒற்றை அறை, தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. பின்பக்கக் குழாயில் அவன் கை கழுவும் சத்தம் கேட்டது.

சுவரில், வழக்கமாக அவன் சட்டை மாட்டும் ஆணியில், நீளமாக ஒரு தகரம் தொங்கியது. புதுக் கறுப்பு பெயின்ட். ஓரத்தில் மஞ்சளாக ஒரு மெல்லிய கோடு.

அந்த மஞ்சள் என்னுடையது. என் நூல்கண்டை எடுத்துக்கொண்டுபோய், இதே நிறம்தான் வேண்டும் என்று பெயின்டரிடம் அண்ணன் ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டியிருந்தான்.

அது செயின் கவர். மோட்டார்சைக்கிளின் சங்கிலியை மூடியிருக்க வேண்டிய தகரம். அது இங்கே ஆணியில் தொங்குகிறது. மோட்டார்சைக்கிளோ அரை மணி நேரத்துக்கு முன்பே என் அண்ணி சுனந்தாவை ஏற்றிக்கொண்டு காத்ரஜ் மலைப்பாதைக்குப் போய்விட்டது.

“அண்ணா, இது ஏன் இங்க தொங்குது?”

“அதுவா?” லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். முகத்தில் அப்படி ஒரு பெருமை. “உன் பேன்ட்டைப் பாத்துட்டுதான் கழட்டினேன். நேத்து மத்தியானம் கொண்டாந்து காட்டினியே, இடது காலு பக்கத்துல அந்த மஞ்சத் தையலை வெளியவே தெரியற மாதிரி வுட்டிருந்தே. நீ உன் தையலை மறைக்கல, நான் மட்டும் எதுக்கு என் செயினை மறைக்கணும்? சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல.”

என்னிடமும் ஒரு சர்ப்ரைஸ் இருந்தது. நானும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

“வைனி கால்ல பட்டி தொங்கிச்சே, நீ பாக்கலையா?”

“இன்னா பட்டி?”

சுனந்தாவை வீட்டில் எல்லோரும் வைனி என்றுதான் கூப்பிடுவோம். மராட்டியில் அண்ணி. அவளுடைய இடது கணுக்காலின் பின்பக்கம், பேன்ட்டின் ஓரத்தில், ஒரு அங்குல அகலத்துக்கு டெனிம் பட்டி ஒன்றை முந்தின நாள் சாயங்காலம்தான் வைத்துத் தைத்திருந்தேன். அதன் வால் ஒரு சாண் நீளத்துக்குக் காற்றில் ஆடும். சங்கிலி ஓடுவதும் அதே இடது பக்கம்தான். சொல்லச் சொல்ல அண்ணன் முகத்தில் இருந்த பெருமை வடிந்துபோவதைப் பார்த்தேன்.

“இழுத்தா பிஞ்சிடும் இல்ல?” என்றான்.

“பியாதுண்ணா.”

“எப்படிடீ அவ்ளோ நிச்சயமா சொல்றே?”

“நான் தைச்சது.”

இந்தப் பதிலை ஒவ்வொரு நாளும் எத்தனையோ பேரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவள் நான். அன்றைக்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது

கொஞ்சம் பின்னால் போகிறேன். இல்லாவிட்டால், விவரம் தெரிந்த இரண்டு பேர் எப்படி இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்தார்கள் என்று கேட்பீர்கள். நானே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். பாபு அண்ணன் ராணுவ ஏலத்தில் கழித்துக்கட்டும் பழைய மோட்டார்சைக்கிள்களை எடுத்து, பிரித்து, தன் இஷ்டத்துக்குப் புதுசாகச் செய்துகொண்டிருந்தான். நான் கேம்ப் என்கிற கடைவீதிப் பக்கம் ஒரு ஜீன்ஸ் தைக்கும் யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். ஒரு பெண்ணை மாஸ்டர் என்று கூப்பிட அங்கே எல்லோருக்கும் நாக்கு கூசும். ஆனாலும் கூப்பிட்டார்கள்.

முதலில் ஒரு சண்டையில்தான் ஆரம்பித்தது. நான் தைத்துக்கொடுத்த பேன்ட்டின் செப்புக் குமிழ்கள் அவனுடைய புது பெட்ரோல் டேங்க்கில் கீறல் போட்டுவிட்டன. கத்தினான். நான் குமிழ்களை எடுத்துவிட்டு, பையின் வாயை வேறு மாதிரி வளைத்துத் தைத்தேன். அந்த வளைவு அவனுக்குப் பிடித்துவிட்டது. அடுத்த வண்டியின் டேங்க்கில், முழங்கால் படும் இடத்தை அதே வளைவில் தட்டி எடுத்தான்.

அதைப் பார்த்த எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. முழங்காலில் இரண்டாவது துணி வைத்து, அந்தப் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி வெட்டினேன். பேன்ட்டின் பின்பையைப் பார்த்து அவன் சீட்டின் தையலை மாற்றினான். சீட்டைப் பார்த்து நான் பின்பக்க இடுப்பை உயர்த்தினேன். அவன் ஒன்று செய்ய, நான் ஒன்று செய்ய, அம்மா எங்கள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

கேம்ப்பில் ஒரு துணிக்கடைக்காரர் இதைக் கேள்விப்பட்டு, தன் கடை வாசலில் வைக்க ஒரு ஜோடி கேட்டார். ஒரு வண்டி, ஒரு பேன்ட். பார்த்தாலே இதற்கு அதுதான் என்று தெரிய வேண்டும். எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலையை முடிக்கும்வரை ஒருவர் மற்றவரிடம் யோசனை கேட்கக் கூடாது. பார்க்கலாம், கேட்கக் கூடாது. கேட்டால் இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிடும், உயிர் இருக்காது என்பது அண்ணனின் சித்தாந்தம். நானும் அதைப் பெரிய கலைத் தத்துவம் என்று நம்பினேன்.

உட்கார்ந்த அளவு

நான் அளவெடுக்கும் முறையும் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. நிற்கவைத்து அளவெடுத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார்சைக்கிளில் உட்கார்ந்தால் முழங்கால் இழுக்கும், கணுக்கால் தெரியும், முதுகுப்பக்கம் வாய் பிளக்கும். அதனால் ஆளை வண்டியில் உட்காரவைத்து, கால் வைக்கும் கம்பியில் காலை வைக்கச் சொல்லி, அப்படியே அளவெடுப்பேன். கால் நீளத்தில் இரண்டு அங்குலம் கூடும். இறங்கி நின்றால் பேன்ட் தரையைக் கூட்டும். நிற்பதற்கு நான் பேன்ட் தைப்பதில்லை என்று சொல்வேன். திமிர்தான்.

அளவுக்கு உட்காருகிறவள் எப்போதும் சுனந்தா. அவள் சிர்வள் பக்கத்து மராட்டிக் குடும்பத்துப் பெண். கல்லூரிக் காலத்தில் தன் ஓட்டை ஸ்கூட்டரைச் சரிசெய்ய அண்ணனிடம் கொண்டுவந்து, மூன்று மாதம் அதைச் சரியாகவே விடாமல் பார்த்துக்கொண்டு, கடைசியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவள். முகத்தில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் வண்டியை உதைத்துக் கிளப்பினால் எங்கள் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆம்பளை வண்டி எதற்கு என்று ஒரு தரம் அம்மா கேட்டார். “வண்டிக்கு ஆம்பள பொம்பள நை மாலும், அம்மா” என்று, ‘தெரியாது’ மட்டும் இந்தியில் வர, அவளுடைய அவியல் தமிழில் பதில் சொன்னாள்.

நானோ வண்டியில் ஏறவே பயப்படுகிறவள். மோட்டார்சைக்கிளுக்கு பேன்ட் தைக்கிறவள் பஸ்ஸில் போகிறாள் என்று அவள் கிண்டல் செய்வாள்.

புது ஜோடி தயாரானதும் அவள்தான் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வண்டிக்கு ஓட்டம் கிடைக்கும், பேன்ட்டுக்கு முழங்காலிலும் தொடையிலும் சரியான இடத்தில் மடிப்பு விழும். அந்த ஞாயிறன்று அதற்காகத்தான் விடிந்ததும் அவள் கிளம்பினாள். மலைக்கு அந்தப்பக்கம் சிர்வளில் தன் அம்மாவுக்கு வண்டியைக் காட்டிவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு.

கிளம்பும்போது வீட்டு வாசலில் பேன்ட்டைப் பார்த்தது நான். பட்டறையில் வண்டியைப் பார்த்தது அண்ணன். பேன்ட் நடந்துபோகும்போது பட்டி ஆடும் அழகை நான் ரசித்தேன். வண்டி கிளம்பும்போது திறந்த சங்கிலி மின்னும் அழகை அவன் ரசித்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டிய ஒரே ஆள் அதன் மேலே உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவின் பையில்லாத சட்டை

இங்கே அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி. வேலைக்குப் போடும் உடுப்பில் பை கிடையாது, தொங்கும் நாடா கிடையாது, உலோகப் பொத்தான் கிடையாது. வாசலில் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஷிப்ட் நேரம் இல்லாமல் ஆலைச் சங்கு ஊதினால், உள்ளே வெடித்துவிட்டதோ என்று எங்கள் லைன் வீடுகளில் எல்லாப் பெண்களும் வாசலுக்கு வந்து நிற்பார்கள். அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தும். பெரும்பாலும் அது ஒத்திகைச் சங்காகத்தான் இருக்கும். ஆனால் எனக்குள் பயம் குடியேறியது அந்த வாசலில்தான்.

அப்பா எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் முதலில் பிசிறைத்தான் தேடுவார். “இது எதுல மாட்டும்?” என்பார். ஃபேஷன் தெரியாத மனிதர் என்று அண்ணனும் நானும் சிரிப்போம். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் இருந்திருந்தால் அந்தப் பட்டி வாசலைத் தாண்டியிருக்காது.

ஸ்கூட்டரின் பின்சீட்டில்

அண்ணன் அடுத்த நிமிடமே ஸ்கூட்டரை எடுத்தான். வண்டியில் ஏற பயப்படுகிறவள், அன்று அவன் சொல்வதற்கு முன்பே பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் யாரிடமும் மொபைல் போன் இல்லை. சிர்வளில் சுனந்தா வீட்டிலும் போன் இல்லை. போய்ப் பிடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

“எப்படி மாட்டும்ணா?” என்று அவன் காதருகே கத்தினேன்.

சிவாஜிநகர் தாண்டியபோதுதான் அவன் சொன்னான். “சங்கிலியோட மேல்பக்கம் முன்னாடி பாத்து ஓடும். வால் அதுல பட்டுச்சுன்னா நேரா முன்பக்கத்துப் பல்சக்கரத்துக்குள்ள இழுத்துட்டுப் போயிடும். அப்புறம் பேன்ட்டு. அப்புறம்...”

“போதும்.”

என் மனம் நிற்கவில்லை. அது தானாகவே வேலை செய்துகொண்டிருந்தது. பட்டியின் அடியில் நான் அடித்த பார்டாக்கை நினைத்தேன். பை ஓரத்திலும் பெல்ட் வளையத்திலும் பிய்ந்துபோகாமல் இருக்க, ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நாற்பத்திரண்டு குத்து குத்தும் முட்டுத் தையல் அது. சாதாரணமாக ஒன்று போதும். அந்தப் பட்டிக்கு நான் மூன்று போட்டிருந்தேன். நாலு நாளில் பிய்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொல்லிவிடக் கூடாது என்று.

யூனிட்டில் என் பார்டாக்கை ஆட்கள் குறடு வைத்து இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். துணிதான் கிழிந்தது.

ஸ்வார்கேட்டில் ஒரு கும்பல் நின்றது. அண்ணன் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் நான் குதித்து ஓடினேன். கவிழ்ந்துபோன வாழைப்பழ வண்டி. பழக்காரர் சபித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. திரும்பி ஏறியபோது அண்ணனின் முதுகுச் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்தேன். குளிர்காலக் காலை அது.

காத்ரஜில் வீடுகள் முடிந்து பாதை ஏற ஆரம்பித்தது. எதிரே இறங்கிவரும் ஒவ்வொரு லாரிக்காரரின் முகத்தையும் பார்த்தேன். ஏதாவது பார்த்துவிட்டு வரும் முகமா அது? ஒரு முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் இல்லை, போய்ச் சேர்ந்திருப்பாள், அம்மா வீட்டில் அவல் போஹா தின்றுகொண்டிருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போது பாதையின் நடுவில் கற்களும் ஒடித்த கிளைகளும் தெரிந்தன. மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டால் அப்படித்தான் வைப்பார்கள். அண்ணன் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினான். நிறுத்தவில்லை, அப்படியே போட்டான்.

வளைவில்

சுனந்தா உயிரோடு இருந்தாள். நின்றுகொண்டிருந்தாள்.

வண்டி வழுக்கி, பாதையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கத்தில், மேலிருந்து இறங்கும் வாகனங்களின் வழியில் நின்றிருந்தது. அதுவும் சரியாக வளைவின் முனையில். மேலிருந்து வருகிறவருக்கு இது தெரியாது. அவள் வலது காலை ஊன்றி வண்டியின் முழு எடையையும் தாங்கிக்கொண்டிருந்தாள். இடது பாதம் பின்னால் இழுபட்டு, சங்கிலியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டி உள்ளே போயிருந்தது. அதன் பின்னால் பேன்ட்டின் ஓரமும் பாதி போயிருந்தது. சக்கரம் இறுகிவிட்டதால் வண்டியை உருட்டவும் முடியவில்லை, அவள் இறங்கவும் முடியவில்லை.

பால் கேன் கட்டிய சைக்கிளை ஓரத்தில் சாய்த்துவிட்டு, பால்காரர் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தார். கல் வைத்த லாரிக்காரர் ஆளும் கருவியும் தேடிக் கீழே போயிருப்பதாகச் சொன்னார். அரை மணி நேரமாக இப்படியே நிற்கிறதாம் இந்தப் பெண்.

“வைனி!”

அவள் திரும்பினாள். உதடு வெளுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் தமிழ் முழுக்க அவளை விட்டுப் போய்விட்டது. “மாஜா பாய், கஸ்து. மாஜா பாய்” என்றாள். என் கால், கஸ்து, என் கால். கஸ்து என்று அவள் கூப்பிடுவது என்னை.

அண்ணன் மண்டியிட்டான். சக்கரத்தைப் பின்னால் தள்ளிப் பார்த்தான். சுனந்தா அலறினாள். விட்டுவிட்டான். சங்கிலியின் இணைப்பைக் கழற்றினால் போதும், ஆனால் குறடு வேண்டும். அவசரத்தில் அவன் கருவிப் பெட்டியை எடுக்காமல் வந்திருந்தான். வண்டியின் பக்கத்தில் அழகான தோல் கருவிப்பை ஒன்று தொங்கியது. பாய்ந்து திறந்தான். உள்ளே உருண்டையாகச் சுருட்டிய செய்தித்தாள். பை உப்பலாகத் தெரிவதற்காக அவனே அடைத்தது.

மேலே எங்கேயோ ஹார்ன் கேட்டது. பால்காரர் கையை ஆட்டிக்கொண்டு வளைவுக்கு மேலே ஓடினார். அண்ணன் எழுந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

என் கழுத்தில் எப்போதும் நாடாவில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி ஒன்று தொங்கும். ஞாயிற்றுக்கிழமையும் கழற்ற மாட்டேன். இவள் கழுத்தில் முதலில் இதுதான் ஏறியது என்று கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா புலம்புவார். இரண்டு விரல் அளவுதான் அது. டெனிமை வெட்டாது. நூலை வெட்டும்.

பேன்ட்டைப் பிரித்துவிட முடியும் என்று தோன்றியது. அந்த மஞ்சள் தையல் சங்கிலித் தையல். ஒரு முனையிலிருந்து இழுத்தால் அசையாது. தைத்து முடித்த முனையில் சரியான நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் ஒரே இழுப்பில் கழன்று வந்துவிடும். கால் பக்கம் திறந்துகொண்டால் அவள் காலை வெளியே எடுத்துவிடலாம்.

ஆனால் எந்த முனையில் முடித்தேன்? கீழிருந்து மேலே தைத்தேனா, மேலிருந்து கீழா? என் கையால் முந்தாநாள் செய்த வேலை. நினைவு வரவில்லை. எவ்வளவு யோசித்தாலும் யூனிட்டின் ட்யூப்லைட்தான் ஞாபகத்துக்கு வந்தது.

முழங்கால் பக்கத்தில் ஒரு தையலை வெட்டிக் கீழ்ப்பக்கமாக இழுத்தேன். நூல் இறுகியது. இன்னும் இழுத்தேன். அறுந்துவிட்டது.

அப்படியென்றால் மேலிருந்து கீழே. முடித்த முனை அடியில், சங்கிலியின் பக்கத்தில்.

“அண்ணா, வண்டி நகருமா?”

“நான் புடிச்சிருக்கேன்.”

“ஒரு அங்குலம் நகர்ந்தா என் விரலு போயிடும்ணா.”

“புடிச்சிருக்கேன்டீ!”

நான் கீழே குனிந்தேன். முகத்துக்கு நேரே கிரீஸ் பூசிய சங்கிலி. பல்சக்கரத்தின் இரண்டு பற்கள் தெரிந்தன, அவற்றின் நடுவில் நீலத்துணி கசங்கித் திணிந்திருந்தது. சூடான எண்ணெய் வாசனையோடு புது டெனிமின் சாயவாசனையும் வந்தது. அந்த வாசனை எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்று குமட்டியது. அவளுடைய பாதம் விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

தையலின் முனையிலும் ஒரு பார்டாக் போட்டிருந்தேன். கழன்றுவிடக் கூடாது அல்லவா? நாற்பத்திரண்டு குத்து. ஒவ்வொன்றாக வெட்டினேன். நடுவில் கத்தரி இரண்டு முறை வழுக்கி என் விரலைக் குத்தியது. மேலே பால்காரர் கத்தினார். ஹார்ன் ஒலி நீண்டுகொண்டே வந்தது, பிறகு பிரேக்கின் கிரீச்சிடல். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓடியிருப்பேன். நான் அப்படிப்பட்டவள்தான், எனக்குத் தெரியும்.

பஸ் ஒன்று கிளைகளை நொறுக்கிக்கொண்டு நின்றது. அதன் முன்பக்க வெப்பம் என் முதுகில் பட்டது. கண்டக்டர் மராட்டியில் எங்கள் மூவரின் பரம்பரையையும் இழுத்துத் திட்டினார். அந்த நேரத்தில் கடைசிக் குத்து அறுந்தது. நூலின் நுனி கிடைத்தது. இழுத்தேன்.

கழன்று வந்தது. கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஒரு ஓட்டம், அங்கே வெட்டிய இடத்திலிருந்து தொடைவரை இன்னொரு ஓட்டம், சரசரவென்று பேன்ட்டின் கால் வாய் திறந்தது. சுனந்தா காலை உருவிக்கொண்டு என் மேலேயே விழுந்தாள். இரண்டு பேரும் மண்ணில் கிடந்தோம். என் துப்பட்டாவை அவள் இடுப்பில் சுற்றிவிட்டேன். கணுக்கால் வீங்கி, தோல் உரிந்து, ரத்தம் வழிந்தது. எலும்பு முறியவில்லை. ஷூவின் குதிகாலைத்தான் சங்கிலி தின்றிருந்தது.

அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பஸ்ஸிலிருந்து யாரோ ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு நிமிடம்

இதுவரை சொன்னதை எங்கள் வீட்டில் எல்லோரும் பலமுறை சொல்லியிருக்கிறோம். விருந்தாளிகள் வந்தால் அண்ணன் செய்தித்தாள் அடைத்த பையைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கவைப்பான். நான் நாற்பத்திரண்டு குத்தை வெட்டியதைச் சொல்லி அம்மா பெருமைப்படுவார். செயின் கவரை மாட்டி, பட்டி இல்லாமல் பேன்ட்டைப் புதிதாகத் தைத்து, அந்த ஜோடியைக் கடைக்குக் கொடுத்தோம். இதில் ஒரு துடிப்பு இல்லையே என்று கடைக்காரர் உதட்டைப் பிதுக்கியதையும் சொல்வோம்.

சொல்லாதது ஒன்று இருக்கிறது.

சுனந்தா என் தோளில் சாய்ந்திருந்தபோது, அண்ணனும் பால்காரரும் சேர்ந்து சக்கரத்தைப் பின்னால் தள்ளினார்கள். சங்கிலி அசைந்தது. துணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கடைசியில் பட்டி விழுந்தது. கிரீஸில் ஊறி, பற்கள் கடித்துக் கடித்து, நார்நாராகியிருந்தது. அதன் அடியில் மூன்று பார்டாக்குகளும் அப்படியே இருந்தன. ஒரு நூல்கூட நகரவில்லை. ஒரு இயந்திரமே கடித்து இழுத்தும் என் தையல் விடவில்லை.

நான் அதைப் பார்த்தேன். என்னை அறியாமல் என் முகம் மலர்ந்தது.

ஒரு வினாடிதான் இருக்கும். நிமிர்ந்தபோது சுனந்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை நின்றிருந்தது.

“தூ ஹஸ்லீஸ்” என்றாள். நீ சிரித்தாய்.

“இல்ல வைனி. நானா? இல்லவே இல்ல.”

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதம் நொண்டினாள், பிறகு சரியாகிவிட்டது. மறுபடியும் மோட்டார்சைக்கிள் ஓட்டினாள். நான் தைத்த பேன்ட்டை மட்டும் அதற்குப் பிறகு அவள் போடவே இல்லை. கேட்டால், உடம்பு போட்டுவிட்டது, அளவு சரியாக வராது என்பாள். என்னோடு சண்டை கிடையாது, முகம் திருப்பல் கிடையாது. என் பிள்ளைகளை வளர்த்ததில் பாதி அவள்தான். ஆனால் நான் டேப்பைக் கையில் எடுத்தால், ஏதோ வேலை ஞாபகம் வந்ததுபோல் எழுந்து உள்ளே போய்விடுவாள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த வளைவில் நிற்பதுபோல்தான் இருக்கும்.

சுனந்தாவுக்குத் தமிழ் படிக்க வராது. இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை ஒவ்வொரு வாரமும் பாபு அண்ணன்தான் அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறான். பிடிக்காத இடங்களைத் தாண்டிவிடுவான் என்று எனக்குத் தெரியும்.

அண்ணா, இந்த இடத்தைத் தாண்டாதே. அப்படியே படி.

ஆமா வைனி. நான் சிரிச்சேன்.